தாய்ப் பெயர் தாங்கிய தாரகை

இத்தாலிய நடிகை அன்னா மாக்னானியின் வாழ்க்கைக் கதை

1956-ம் ஆண்டு மார்ச் மாதம். ரோம் நகரில் பொழுது இன்னும் சரியாகப் புலரவில்லை. ஒரு வீட்டில் டெலிபோன் மணி அடித்தது.

தூக்கக் கலக்கத்தோடு எடுத்தார் ஒரு பெண்மணி. வயது 48. பேசியவர் ஒரு பத்திரிகை நிருபர். ஹாலிவுட்டில் அந்த ஆண்டின் சிறந்த நடிகைக்கான ஆஸ்கார் பரிசு உங்களுக்குத்தான் கிடைத்திருக்கிறது என்றார் அவர்.

பெண்மணி நம்பவில்லை. யாரோ விளையாடுகிறார்கள் என்று நினைத்தார். பொய்யாக இருந்தால் சும்மா விடமாட்டேன் என்று நிருபரை மிரட்டினாராம்!

செய்தி உண்மைதான். காதரின் ஹெப்பர்ன், சூசன் ஹேவர்ட், ஜெனிபர் ஜோன்ஸ், எலினார் பார்க்கர் ஆகிய நான்கு பேரும் போட்டியில் இருந்தார்கள். அவர்களை எல்லாம் தோற்கடித்து, ரோம் நகரத்தில் படுத்துத் தூங்கிக் கொண்டிருந்த ஒருவர் பரிசைத் தட்டிக் கொண்டு போய்விட்டார்.

அவர்தான் அன்னா மாக்னானி. அவருக்கு முன்னால் எந்த இத்தாலியப் பெண்ணும் அந்தப் பரிசை வாங்கியது இல்லை.

நடிகை என்றால் நாம் எப்படி நினைப்போம்? உயரம், நிறம், வழுவழுப்பான முகம், செதுக்கிய மூக்கு. அன்னாவிடம் இவை எதுவும் கிடையாது. குள்ளமான உருவம். எண்ணெய் காணாதது போல் பறக்கும் கறுப்பு முடி. கண்களுக்குக் கீழே கருவளையம். இந்த முகம் காமிராவுக்கு ஒத்து வராது என்று சினிமாக்காரர்கள் தீர்ப்புச் சொல்லியிருந்தார்கள். சொன்னவர்களில் ஒருவர், அவரைத் தாலி கட்டாத குறையாகத் தேடி வந்து மணந்து கொண்ட கணவரே!

பாட்டி வீடு

1908-ம் ஆண்டு மார்ச் 7-ந் தேதி ரோம் நகரில் அன்னா பிறந்தார். தாயார் மரினா மாக்னானி, தையல் வேலை செய்து பிழைத்தவர். தகப்பனார் குழந்தையைப் பார்க்கவே இல்லை. செத்துப் போனவர் அல்ல, விட்டுப் போனவர்.

இத்தாலி, கத்தோலிக்க மதத்தில் ஊறிய நாடு. தகப்பன் பெயர் இல்லாத குழந்தையை ஊர் எப்படிப் பேசும் என்று சொல்ல வேண்டியதில்லை. தாயின் குடும்பப் பெயரே குழந்தைக்கும் வந்தது. அந்தப் பெயர்தான் பின்னாளில் உலகம் முழுவதும் சுவரொட்டிகளில் கொட்டை எழுத்தில் அச்சாயிற்று.

தாயும் வெகுநாள் பக்கத்தில் இருக்கவில்லை. எகிப்து நாட்டின் அலெக்சாந்திரியா நகரத்துக்குப் போய்விட்டார். குழந்தை பாட்டியிடம் வளர்ந்தது. பாட்டி, சித்திமார் என்று வீடு முழுவதும் பெண்கள். அவர்களுடைய சிரிப்பும் சண்டையும் வசவும்தான் அன்னா கற்ற முதல் பாடம். ரோம் நகரத்துச் சாமானியப் பெண் எப்படி இடுப்பில் கை வைத்து நிற்பாள், எப்படிக் குரலை உயர்த்துவாள் என்பதை எந்த நாடகப் பள்ளியும் அவருக்குச் சொல்லித் தர வேண்டியிருக்கவில்லை.

பாட்டி பேத்தியைக் கன்னிமாடப் பள்ளியில் சேர்த்தார். அங்கே பிரெஞ்சு மொழியும் பியானோவும் கற்றாள் சிறுமி.

வளர்ந்த பிறகு, தகப்பன் யார் என்று அன்னா விசாரித்துப் பார்த்தார். இத்தாலியின் தெற்கே கலாப்ரியா பகுதியைச் சேர்ந்தவர், குடும்பப் பெயர் டெல் டூச்சே என்று தெரிந்தது. அதோடு விசாரணையை நிறுத்திவிட்டார். டூச்சே என்றால் தலைவர். சர்வாதிகாரி முசோலினியை இத்தாலியர்கள் அப்படித்தான் அழைத்தார்கள். டூச்சேயின் மகள் என்று பெயரெடுக்க எனக்கு இஷ்டமில்லை என்று அன்னா வேடிக்கையாகச் சொல்வார். வேடிக்கைதான். ஆனால் மேற்கொண்டு தேடாததற்கு அந்த ஒரு காரணம் போதுமா என்பது வேறு விஷயம்.

நாடகமும் திருமணமும்

ரோம் நகரில் புகழ்பெற்ற நடிகை எலினோரா டூசேயின் பெயரால் ஒரு நாடகப் பள்ளி இருந்தது. அன்னா அதில் சேர்ந்தார். படிப்பு முடிந்ததும் நாடகக் கம்பெனிகளில் ஊர் ஊராகச் சுற்றினார். கிடைத்தவை சில்லறை வேடங்கள். கைச்செலவுக்கு இரவு விடுதிகளில் ரோம் நகரத்து நாட்டுப் பாடல்களைப் பாடினார். குரல் கரகரப்பு. ஆனால் பாட ஆரம்பித்தால், குடித்துக் கொண்டிருப்பவர்கள் கோப்பையைக் கீழே வைத்துவிட்டுத் திரும்பிப் பார்ப்பார்கள்.

முதல் படம் 1934-ல் வந்தது. மறு ஆண்டு, கோப்ரெடோ அலெசாந்திரினி என்ற டைரக்டரை மணந்தார். அவர் அழகர், வசதி படைத்தவர், படவுலகில் செல்வாக்கு மிக்கவர். கணவர் டைரக்டர் என்றால் மனைவி கதாநாயகி ஆவது எத்தனை சுலபம்? நடந்தது நேர்மாறு. மேடைக்கு நீ சரி, சினிமாவுக்கு நீ ஆகமாட்டாய் என்றுதான் கணவர் நினைத்தார். தமது படம் ஒன்றில் பாடகியாக ஒரு சிறு வேடம் கொடுத்ததோடு சரி.

சில ஆண்டுகளில் இருவரும் பிரிந்தார்கள். விவாகரத்துச் சட்டம் அப்போது இத்தாலியில் கிடையாது. அது வந்ததே 1970-ல்தான். ஆகவே பிரிந்த பிறகும் சட்டப்படி அன்னா இன்னொருவர் மனைவிதான்.

1941-ல் விட்டோரியோ டி சிக்கா தமது படமொன்றில் ஒரு கேளிக்கை அரங்கப் பாடகி வேடத்தை அவருக்குக் கொடுத்தார். வேடம் சிறியது. ஆனால் ரசிகர்கள் அவரைக் கவனித்தார்கள். அதே சமயத்தில் டோட்டோ என்ற மகா நகைச்சுவை நடிகருடன் சேர்ந்து பாட்டும் சிரிப்புமாக மேடையில் வெளுத்து வாங்கினார். யுத்த காலம். ரொட்டிக்கு வரிசையில் நின்று களைத்தவர்கள், சாயங்காலம் இவர்கள் இருவரையும் பார்த்துச் சிரிக்க வந்தார்கள்.

மகன்

அப்போதுதான் லூச்சினோ விஸ்கோன்டி என்ற பிரபுக் குடும்பத்து இளைஞர் தமது முதல் படத்துக்கு அன்னாவைக் கதாநாயகியாகத் தேர்ந்தெடுத்தார். எத்தனை வருடமாகக் காத்திருந்த வாய்ப்பு! ஆனால் அன்னா கர்ப்பமாக இருந்தார். வேடம் கிளாரா கலாமாய் என்ற நடிகைக்குப் போயிற்று.

1942-ம் ஆண்டு அக்டோபரில் ஆண் குழந்தை பிறந்தது. குழந்தையின் தகப்பன் மாசிமோ செராட்டோ என்ற இளம் நடிகர். அவர் நிலைத்து நிற்கவில்லை, போய்விட்டார்.

முப்பத்து நாலு வருடத்துக்கு முன்னால் தையல்காரி மரினாவுக்கு நடந்தது, இப்போது மகளுக்கும் நடந்தது. ஆனால் மரினா போல் அன்னா பிள்ளையை விட்டுப் போகவில்லை. மகனுக்குத் தம் குடும்பப் பெயரையே வைத்தார். மூன்று தலைமுறை, ஒரே பெயர். இரண்டு தடவை அந்தப் பெயரைக் கொடுத்தவர் பெண்.

குழந்தைக்குச் சுமார் ஒன்றரை வயது இருக்கும்போது இளம்பிள்ளை வாதம் வந்தது. உயிர் பிழைத்தது, கால்கள் பிழைக்கவில்லை. அந்த நோய்க்கு அப்போது தடுப்பு மருந்து கிடையாது. அமெரிக்காவில் டாக்டர் சால்க் கண்டுபிடித்த தடுப்பூசி பயனுக்கு வந்தது 1955-ல்.

அன்னாவின் வாழ்க்கைக்கு அன்றைய தினம் ஒரு கணக்குப் போடப்பட்டது. நடக்க முடியாத மகன் எந்தக் காலத்திலும் யாரிடமும் கையேந்தக் கூடாது. அதற்கு வேண்டிய பணத்தைச் சம்பாதிக்க வேண்டும். மகனைச் சுவிட்சர்லாந்துக்கு அனுப்பி வைத்தியம் பார்த்தார். படப்பிடிப்புக்கு நடுவில் ஓடி ஓடிப் போய்ப் பார்த்துவிட்டு வந்தார். கூலியில் கறாரானவர், ஒரு காசு விட்டுக் கொடுக்க மாட்டார் என்று பட அதிபர்கள் அவரைப் பற்றிக் குறைபட்டுக் கொள்வார்கள். அந்தப் பணம் எங்கே போயிற்று என்று யோசித்தவர்கள் குறைவு.

தெருவில் ஓடியவள்

குழந்தைக்கு நோய் கண்ட அந்தக் காலத்தில் ரோம் நகரம் ஜெர்மன் நாஜிகள் கையில் இருந்தது. 1944-ம் ஆண்டு மார்ச் 3-ந் தேதி, நகரின் ராணுவ முகாம் ஒன்றின் முன்னால் பெண்கள் கூட்டமாக நின்றார்கள். அவர்களுடைய கணவன்மாரை நாஜிகள் பிடித்து உள்ளே வைத்திருந்தார்கள். தெரசா குல்லாச்சே என்ற பெண், கணவனை நெருங்கப் பார்த்தாள். ஐந்து பிள்ளைகளின் தாய், வயிற்றில் இன்னொன்று. சிப்பாய் ஒருவன் அவளைச் சுட்டுக் கொன்றான்.

ஜூன் 4-ந் தேதி நேச நாட்டுப் படை ரோமுக்குள் நுழைந்தது. அடுத்த ஜனவரியில், இத்தாலியின் வடக்கே இன்னும் சண்டை நடந்து கொண்டிருக்கும்போதே, ராபர்ட்டோ ரோசலினி ஒரு படத்தைத் தொடங்கினார். ரோம், திறந்த நகரம் என்பது பெயர்.

படமெடுக்க ஸ்டூடியோ இல்லை. சினிச்சிட்டா என்ற பெரிய ஸ்டூடியோவில் வீடிழந்த அகதிகள் குடியிருந்தார்கள். பிலிம் கிடைக்கவில்லை, அங்கே கொஞ்சம் இங்கே கொஞ்சம் என்று பொறுக்கிச் சேர்த்தார்கள். வசனத்தைக் கூடவே ஒலிப்பதிவு செய்யப் பணமில்லை. படத்தை எடுத்துவிட்டுப் பிறகு குரல் சேர்த்தார்கள். கதை எழுதியவர்களில் ஒருவர் பெடரிக்கோ பெல்லினி. அப்போது அவரை யாருக்கும் தெரியாது.

தெரசாவின் கதையை மனத்தில் வைத்து எழுதிய வேடம் பீனா. விதவை, ஒரு சிறுவனுக்குத் தாய், மறுபடியும் கர்ப்பிணி. அன்று அவளுக்குக் கல்யாண நாள். மணக்க வேண்டியவனை நாஜிகள் லாரியில் ஏற்றிக் கொண்டு போகிறார்கள். பீனா சிப்பாய்களைத் திமிறிக் கொண்டு தெருவில் ஓடுகிறாள். ஒரு கை முன்னே நீட்டியிருக்கிறது. பெயர் சொல்லிக் கத்துகிறாள். துப்பாக்கி வெடிக்கிறது. அப்படியே விழுகிறாள். மகன் ஓடிவந்து அவள் மேல் விழுந்து அழுகிறான்.

அந்த வேடத்தில் நடித்தவர் அன்னா.

படப்பிடிப்புக்கு ஜெர்மன் சீருடை அணிந்த ஆட்களைக் கொண்டு வந்து நிறுத்தியதும், தெருவில் இருந்த பெண்களின் முகம் நிஜமாகவே வெளுத்துப் போயிற்று. போன வருடம் பட்டதை அவர்கள் மறக்கவில்லை. அதைப் பார்த்த பிறகு தமக்கு நடிக்கிறோம் என்ற நினைவே இல்லை என்று அன்னா பின்னாளில் சொன்னார்.

ஓடியது சில விநாடிகள்தான். படம் பாதி நடக்கும்போதே பீனா செத்துவிடுகிறாள். ஆனால் கொட்டகையை விட்டு வெளியே வந்தவர்களுக்கு மனத்தில் நின்றது அந்த ஓட்டம்தான். வீட்டில் நடக்க முடியாத குழந்தையை வைத்துக் கொண்டு, தெருவில் அப்படி ஓடிய தாய் என்ன நினைத்து ஓடினாரோ!

1945 செப்டம்பரில் படம் வெளிவந்தது. மறு ஆண்டு பிரான்சில் நடந்த கான் விழாவில் பரிசு பெற்றது. அமெரிக்காவில் பல மாதங்கள் ஓடியது. யுத்தத்தில் தோற்று, உலகத்தின் முன் தலை குனிந்து நின்ற இத்தாலிக்கு மரியாதை தேடித் தந்த முதல் சரக்கு இந்தப் படம் என்று சொன்னால் தவறில்லை. இந்த முகம் சினிமாவுக்கு ஆகாது என்று அதற்கப்புறம் யாரும் பேசவில்லை.

1947-ல் ஆஞ்சலினா என்ற படம். ரோம் நகரத்துச் சேரியில் கள்ள மார்க்கெட்காரர்களை எதிர்த்துப் பெண்களைத் திரட்டும் குடும்பத் தலைவி வேடம். வெனிஸ் திரைப்பட விழாவில் சிறந்த நடிகை பரிசு கிடைத்தது.

எரிமலைச் சண்டை

ரோசலினியும் அன்னாவும் காதலர்கள் ஆனார்கள். இருவருமே கோபக்காரர்கள். சண்டையும் சமாதானமும் ஊர் சிரிக்கும்படி நடந்தன.

1948-ல் அன்னாவுக்காகவே ரோசலினி ஒரு படம் எடுத்தார். அதில் இரண்டு கதைகள். ஒரு கதையில் அன்னா தனியாக ஓர் அறையில், தம்மைக் கைவிட்டவனுடன் டெலிபோனில் பேசிக் கொண்டே இருப்பார். வேறு நடிகர் பெயருக்குக்கூடக் கிடையாது. இன்னொரு கதைக்கு அற்புதம் என்று பெயர். பேதைப் பெண் ஒருத்தி, வழிப்போக்கன் ஒருவனைப் புனித சூசையப்பர் என்று நம்பி ஏமாந்து கர்ப்பமாகிறாள். ஊரார் கேலி செய்து துரத்துகிறார்கள். மலை மேல் ஒரு கோயிலில் தன்னந்தனியாகப் பிள்ளை பெறுகிறாள். வழிப்போக்கனாக நடித்தவர் வேறு யாருமல்ல, பெல்லினிதான்.

நியூயார்க்கில் இந்தப் படத்துக்குப் பெரிய எதிர்ப்புக் கிளம்பியது. மதத்தை இழிவு செய்கிறது என்று தடை விதித்தார்கள். வழக்கு அமெரிக்கச் சுப்ரீம் கோர்ட்டு வரை போயிற்று. சினிமாவுக்கும் பேச்சுரிமை உண்டு என்று 1952-ல் கோர்ட்டு தீர்ப்புச் சொன்னது. அமெரிக்கப் படவுலகம் இன்றுவரை அனுபவிக்கும் அந்தச் சுதந்திரத்துக்கு, தகப்பன் பெயர் சொல்ல முடியாத ஒரு பிள்ளையின் கதை காரணமாயிற்று.

இதற்குள் அன்னாவின் வாழ்வில் புயல் வீசிவிட்டது. ரோசலினியின் படங்களைப் பார்த்து மயங்கிய ஹாலிவுட் நடிகை இங்கிரிட் பெர்க்மன், உங்கள் படத்தில் நடிக்கத் தயார் என்று அவருக்குக் கடிதம் எழுதினார். ரோசலினி அன்னாவிடம் விஷயத்தை மறைத்தார். அமால்பி என்ற கடலோர ஊரில் ஓட்டலில் சாப்பிட்டுக் கொண்டிருந்தபோது அது வெளிப்பட்டதாகவும், அன்னா பேசாமல் தட்டிலிருந்த ஸ்பகெட்டி முழுவதையும் நிதானமாகக் கலந்து ரோசலினியின் தலையில் கவிழ்த்ததாகவும் ஒரு கதை உண்டு. சேமியாவைவிடத் தடித்த இழையாக, குழம்பு சொட்டச் சொட்ட இருக்கும் அந்தப் பண்டம்! சொல்கிறவருக்குத் தகுந்தாற்போல் கதை கொஞ்சம் மாறும்.

1949-ல் பெர்க்மன் இத்தாலிக்கு வந்து இறங்கினார். சிசிலிக்கு வடக்கே உள்ள தீவுக் கூட்டத்தில் ஸ்ட்ராம்போலி என்ற எரிமலைத் தீவுக்கு அவரை அழைத்துப் போய் ரோசலினி படமெடுத்தார். அன்னா சும்மா இருப்பாரா? அதே தீவுக் கூட்டத்தில் வுல்கானோ என்ற இன்னொரு எரிமலைத் தீவுக்குப் போனார். அங்கே வில்லியம் டீட்டர்லே என்ற டைரக்டர் அவரை வைத்து ஒரு படம் எடுத்தார். இரண்டு படங்களும் போட்டி போட்டுக் கொண்டு தயாராயின. எரிமலைச் சண்டை என்று பத்திரிகைகள் பெயர் வைத்தன.

1950-ம் ஆண்டு பிப்ரவரி 2-ந் தேதி இரவு. ரோம் நகரில் வுல்கானோ படத்தின் முதல் காட்சி. ஊரிலுள்ள நிருபர்கள் எல்லாம் வந்திருந்தார்கள். படம் ஓடிக் கொண்டிருக்கும்போதே இயந்திரத்தின் விளக்கு பழுதாகி நின்றுவிட்டது. மாற்று விளக்குக்கு ஆள் ஓடிய நேரத்தில் கொட்டகைக்குள் ஒரு செய்தி பரவியது. பெர்க்மனுக்கு ஆண் குழந்தை பிறந்துவிட்டது!

நிருபர்கள் எழுந்து ஓடினார்கள். காலி நாற்காலிகளைப் பார்த்தார் அன்னா. அவரும் எழுந்து போய்விட்டார். படம் பணம் பண்ணவில்லை. ஸ்ட்ராம்போலியும் பண்ணவில்லை என்பது அவருக்கு ஆறுதலாக இருந்திருக்குமா?

அழகுப் போட்டி

மறு ஆண்டு, கர்ப்பத்தினால் நழுவிப் போன பழைய வாய்ப்பு திரும்பி வந்தது. விஸ்கோன்டி, பெலிசிமா என்ற படத்தில் அன்னாவை நடிக்க வைத்தார்.

ஊசி போட்டுப் பிழைக்கும் ஏழைத் தாய் மடலேனா. தன் சின்னஞ்சிறு மகளைச் சினிமா நட்சத்திரம் ஆக்கிவிட வேண்டும் என்று துடிக்கிறாள். வீடு கட்டச் சேர்த்த பணத்தைக் கவுனுக்கும் நடன வாத்தியாருக்கும் இறைக்கிறாள். வேடம் வாங்கித் தருவதாக ஏமாற்றுக்காரன் ஒருவன் பணத்தைப் பறிக்கிறான். ஸ்டூடியோவில் மகளின் சோதனைப் படத்தைப் போட்டுப் பார்க்கிறார்கள். குழந்தை திரையில் அழுகிறது. பார்க்கிற சினிமாக்காரர்கள் விழுந்து விழுந்து சிரிக்கிறார்கள். ஒளிந்திருந்து அதைப் பார்த்துவிடுகிறாள் தாய். பிறகு அதே ஆட்கள் ஒப்பந்தத்தோடு வீடு தேடி வருகிறார்கள். வேண்டாம் என்று திருப்பி அனுப்புகிறாள்.

சினிமாவைச் சினிமாவே இவ்வளவு கடுமையாகச் சாடிய படம் அப்போது அபூர்வம். அன்னாவின் படங்களில் ஒன்றை மட்டும் பார்க்க நேரமுள்ளவர்கள், ஆஸ்கார் வாங்கிய படத்தை விட்டுவிட்டு இதைப் பார்க்கலாம்.

பிறகு பிரெஞ்சு டைரக்டர் ஜீன் ரெனுவார் தங்கக் கோச்சு வண்டி என்ற வண்ணப் படத்தில் அவரை இயக்கினார். தாம் இயக்கியவர்களுள் மிகச் சிறந்த நடிகை அன்னாவாகத்தான் இருக்க வேண்டும் என்று ரெனுவார் கருதினார்.

அமெரிக்கா அழைத்தது

அமெரிக்க நாடக ஆசிரியர் டென்னஸி வில்லியம்ஸ், அன்னாவின் பரம ரசிகர். பிற்பாடு நெருங்கிய நண்பர். அவரை மனத்தில் வைத்தே ரோஜா டாட்டூ என்ற நாடகத்தை எழுதினார். 1951-ல் நியூயார்க்கில் அரங்கேற்ற வாருங்கள் என்று அழைத்தார். அன்னா மறுத்துவிட்டார். இங்கிலீஷ் தெரியாது, தினம் தினம் மேடையில் ஏறி இரண்டு மணி நேரம் அந்நிய மொழி பேசித் தப்புச் செய்ய அவருக்கு மனமில்லை. வேறொரு நடிகை நடித்தார்.

அதுவே படமாகத் தயாரானபோது அன்னா சம்மதித்தார். இங்கிலீஷ் படித்தார். வில்லியம்ஸின் ஊரான கீவெஸ்டில், அவர் வீட்டை ஒட்டிய வீட்டிலேயே படம் பிடித்தார்கள். கதாநாயகர் பர்ட் லங்காஸ்டர். அன்னாவுக்கு செராபினா என்ற வேடம். அமெரிக்காவில் குடியேறிய சிசிலிக்காரி, விதவை, மகளோடு தனியாக வாழ்பவள். பிழைப்பு? தையல் வேலை! அலெக்சாந்திரியாவுக்குப் போன மரினா அன்னாவுக்கு என்ன வைத்துவிட்டுப் போனாரோ தெரியாது. இந்த வேடத்துக்கு வேண்டியது அதில் இருந்தது.

அந்தப் படத்துக்குத்தான் ஆஸ்கார். விழாவுக்கு அன்னா போகவில்லை. மகளாக நடித்த மரிசா பாவன் அவர் சார்பில் பரிசை வாங்கிக் கொண்டார்.

ஒப்பனைக்காரரிடம், முகத்துச் சுருக்கங்களை மறைக்காதே, இவற்றைச் சம்பாதிக்க எனக்கு எத்தனையோ வருடம் ஆயிற்று என்று அன்னா சொன்னதாக ஒரு கதை உலகம் முழுவதும் சுற்றுகிறது. எந்தப் படத்தில், எந்த ஒப்பனைக்காரரிடம் என்பது ஆளுக்கு ஆள் மாறும். ஆனால் படங்களைப் பார்த்தால் ஒன்று தெரியும். சுருக்கங்கள் மறைக்கப்படவில்லை.

1957-ல் ஆண்டனி குவினோடு நடித்த படத்துக்கு மறுபடியும் ஆஸ்கார் போட்டியில் பெயர் வந்தது. பெர்லின் விழாவில் பரிசும் கிடைத்தது. அடுத்து மார்லன் பிராண்டோவோடு ஒரு படம். அது சோபிக்கவில்லை.

மறுத்த வேடம்

இத்தாலிய ரசிகர்களின் ரசனை மாறிக் கொண்டிருந்தது. ஜீனா லொலோபிரிஜிடா, சோபியா லாரன் ஆகியோரின் காலம் அது. யுத்த காலத்து வறுமையைத் திரையில் பார்க்க மக்களுக்கு அலுத்துவிட்டது.

அப்போது டி சிக்கா, யுத்த காலத்தில் ஒரு தாயும் மகளும் படும் பாட்டைப் படமாக்க விரும்பினார். தாயாக அன்னா, மகளாக சோபியா லாரன் என்பது ஏற்பாடு. அன்னாவுக்குப் பிடிக்கவில்லை. இத்தனை உயரமான பெண்ணுக்கு நான் தாயா, வேண்டுமானால் தாய் வேடத்தை அவளே போடட்டும் என்று சொல்லிவிட்டாராம். டி சிக்கா அப்படியே செய்துவிட்டார்! 25 வயது லாரன் தாயாக நடித்தார். இரண்டு பெண்கள் என்ற அந்தப் படத்துக்கு 1962-ல் ஆஸ்கார் பரிசும் வாங்கினார். அன்னா செய்த தவறுகளில் இதற்கு முதலிடம் கொடுக்கலாம்.

அதே 1962-ல் பாசோலினி என்ற கவிஞர்-டைரக்டர் அன்னாவுக்கு மம்மா ரோமா என்ற படத்தைக் கொடுத்தார். விலைமாதாக இருந்தவள் அந்தத் தொழிலை உதறிவிட்டு, காய்கறி விற்று மகனை ஆளாக்கப் பார்க்கிறாள். மகன் திருட்டில் மாட்டிச் சிறைக்குப் போகிறான். கட்டிலில் கட்டிப் போட்ட நிலையில் அங்கே சாகிறான். சந்தையில் செய்தி கேட்ட தாய், வண்டியைப் போட்டுவிட்டு வீட்டை நோக்கித் தெருவில் ஓடுகிறாள். பின்னால் ஊரே ஓடிவருகிறது. ஜன்னல் வழியாகக் குதிக்கப் போகிறவளைப் பிடித்து நிறுத்துகிறார்கள்.

பதினேழு வருடத்துக்கு முன்னால் பீனா ஓடிய அதே ஓட்டம். அப்போது 37 வயது நெருங்கியவர், இப்போது 54. அப்போது சுட்டு வீழ்த்தினார்கள். இப்போது சாகவும் விடவில்லை.

பாசோலினிக்கும் அன்னாவுக்கும் ஒத்துப் போகவில்லை. அவர் நடிப்பறியாதவர்களைத் தெருவிலிருந்து பிடித்துவந்து நிறுத்துகிறவர். மகன் வேடம் போட்டவன்கூட ஓட்டலில் பரிமாறிக் கொண்டிருந்த பையன். அன்னாவோ ஒவ்வொரு அசைவையும் தாமே தீர்மானிக்கிறவர். அன்னாவைப் போட்டது சரியல்ல என்றுகூடப் பாசோலினி பிறகு நினைத்தார். பார்த்தவர்கள் அப்படி நினைக்கவில்லை.

மூடிய கதவு

படங்கள் குறைந்தன. 1965-ல் மேடைக்குத் திரும்பினார். செபிரெல்லி இயக்கிய பெண் ஓநாய் என்ற நாடகத்துக்குக் கூட்டம் முட்டி மோதியது. 1969-ல் மறுபடியும் ஆண்டனி குவினோடு ஒரு ஹாலிவுட் படம். குடும்பச் சண்டைக் காட்சியில் குவினை உதைத்த உதையில் அன்னாவின் கால் எலும்பே முறிந்து போயிற்று என்பார்கள். டெலிவிஷனுக்காகவும் சில படங்களில் நடித்தார்.

ரோம் நகரின் நடுவில், ஒரு பழைய மாளிகையின் மேல் தளத்தில் வசித்தார். பக்கத்தில் இடிந்த பழங்காலக் கோயில்கள். அவற்றில் குடியிருக்கும் நாதியற்ற பூனைகளுக்கு உணவு கொண்டு போய்க் கொடுப்பார். ஆஸ்கார் பரிசு பெற்றவர், பொட்டலமும் கையுமாக நிற்பதை அக்கம்பக்கத்தார் அதிசயமாகப் பார்க்கவில்லை. அவர்களுக்கு அவர் வெறும் நன்னரெல்லா. ஊரார் வைத்த செல்லப் பெயர்.

1972-ல் பெல்லினி தமது ரோமா படத்தில் அவரைக் காட்டினார். இரவில் வீடு திரும்பும் அன்னாவை டைரக்டர் வாசலில் மடக்கிக் கேள்வி கேட்கிறார். நீதான் இந்த நகரத்தின் அடையாளம் என்கிறார். உன்னை நான் நம்பவில்லை, போய்த் தூங்கு என்று சொல்லிவிட்டுச் சிரித்தபடியே கதவைச் சாத்துகிறார் அன்னா. திரைப்படத்தில் அவர் கடைசியாகத் தோன்றியது அதுதான்.

உடலுக்குள் புற்றுநோய் இருந்தது. கணையத்தில்.

ரோசலினி திரும்பி வந்தார். 1957-ல் இந்தியாவில் படமெடுத்தபோது ஏற்பட்ட புதிய உறவினால் அவருடைய பெர்க்மன் வாழ்க்கையும் முறிந்திருந்தது. பழைய கோபதாபங்கள் ஆறிப் போயிருந்தன. கடைசி நாட்களில் ஆஸ்பத்திரியில் அன்னாவின் கட்டிலருகே மகனும் ரோசலினியும் இருந்தார்கள்.

1973-ம் ஆண்டு செப்டம்பர் 26-ந் தேதி அன்னா காலமானார். வயது 65. அன்று இரவு இத்தாலிய டெலிவிஷனில் அவர் நடித்த படம் ஒன்று ஒளிபரப்பாயிற்று. முன்பே குறித்த நிகழ்ச்சி. நாடே உட்கார்ந்து பார்த்தது.

சவ அடக்கத்துக்கு ஆயிரக்கணக்கானவர்கள் திரண்டார்கள். மாதா கோயிலிலிருந்து சவப்பெட்டி வெளியே வந்ததும் கூட்டம் கை தட்டியது. நாடகம் முடிந்து திரை விழும்போது தட்டுவார்களே, அந்தக் கைதட்டல்.

அன்னாவுக்கென்று குடும்பக் கல்லறை கிடையாது. ரோசலினி தம் குடும்பக் கல்லறையில் அவருக்கு இடம் கொடுத்தார். பிற்காலத்தில் அங்கிருந்து எடுத்து, அவருக்குப் பிரியமான கடலோர ஊரான சான் பெலிசே சிர்செயோவின் இடுகாட்டில் வைத்தார்கள். கல்லறையில் இருப்பது மரினாவின் குடும்பப் பெயர்தான்.